கார்னர்வோன் பிரபுவைக் கொன்றது சாபமா, பூஞ்சையா?

கேள்வி: பண்டைய எகிப்து மன்னன் துட்டன்காமன் கல்லறையைத் திறந்த கார்னர்வோன் பிரபு சாபத்தால் செத்தார் என்பதை நான் நம்பவில்லை. ஆனால் மூவாயிரம் ஆண்டுகள் மூடிக் கிடந்த கல்லறைக்குள் வளர்ந்த நச்சுப் பூஞ்சைதான் அவரைக் கொன்றது என்று பல இடங்களில் படித்தேன். இதுதானே அறிவியல் விளக்கம்? அவரோடு உள்ளே போனவர்கள் வரிசையாக இறந்ததற்கும் அதுதான் காரணமா?

பதில்:

சாபத்தை நம்பாமல் விட்டீர்கள், நல்லது. பூஞ்சையையும் சேர்த்து விட்டுவிடுங்கள்.

கார்னர்வோன் பிரபுவின் உயிரை வாங்கியது கன்னத்தில் ஒரு கொசுக்கடி, அதன்மேல் பட்ட சவரக் கத்தி, பிறகு ரத்தத்தில் பரவிய தொற்று, கடைசியில் நிமோனியா. யாரோ பின்னாளில் துப்பறிந்து கண்டுபிடித்ததல்ல இது. 1923-இல் அவர் படுக்கையில் கிடந்தபோதே மருத்துவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் தெரியும், பத்திரிகைகளிலும் வந்தது. மர்மமே இல்லாத ஒரு சாவுக்கு முதலில் மர்மத்தை ஒட்டினார்கள். அதன்பிறகு வந்தவர்கள் அந்த மர்மத்துக்கு 'அறிவியல் விளக்கம்' தேடினார்கள். பூஞ்சைக் கதை இந்த இரண்டாவது வேலையில் பிறந்தது.

பள்ளி நாட்களில் ஒரு சிறுவர் இதழில் 'மம்மியின் பழி' என்று படித்துவிட்டு இரண்டு இரவு விளக்கை அணைக்க விடாமல் வீட்டாரைப் படுத்தியவன் நான். கல்லூரிக்கு வந்ததும் பூஞ்சை விளக்கத்தைப் படித்துவிட்டு, பேயை ஜெயித்துவிட்டதாக எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். அதுவும் தவறு என்று தெரிய இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. ஆகவே உங்களைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கில்லை.

முதலில் அந்த மனிதரைப் பற்றிக் கொஞ்சம். ஜார்ஜ் ஹெர்பர்ட், ஐந்தாம் கார்னர்வோன் பிரபு, 1866-இல் பிறந்தவர். குதிரை, கார் என்று வேகத்தில் பைத்தியம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் அவர் ஓட்டிய கார் கவிழ்ந்து பலத்த அடி பட்டது. உயிர் பிழைத்தாலும் உடம்பு பழைய நிலைக்குத் திரும்பவில்லை. நுரையீரல் பலவீனமாயிற்று. இங்கிலாந்தின் குளிர்காலம் உங்களுக்கு ஆகாது, வெயில் உள்ள நாட்டுக்குப் போங்கள் என்று மருத்துவர்கள் சொன்னார்கள். அப்படித்தான் அவர் எகிப்துக்கு வந்தார். இதைக் கவனியுங்கள்: எகிப்தில் கால் வைத்ததால் அவர் நோயாளி ஆகவில்லை, நோயாளி ஆனதால்தான் எகிப்துக்கே வந்தார். பொழுதுபோக்காகத் தொடங்கிய அகழாய்வு பிடித்துப்போய், 1907 முதல் ஹோவர்ட் கார்ட்டர் என்ற அகழாய்வாளருக்குப் பணம் கொடுத்து வேலை நடத்தினார்.

1922 நவம்பர் 4-ஆம் தேதி, லக்சர் நகருக்கு எதிரே உள்ள மன்னர்களின் பள்ளத்தாக்கில் முதல் படிக்கட்டு கண்ணில் பட்டது. 26-ஆம் தேதி இரண்டாவது வாயிலில் துளையிட்டு, மெழுகுவர்த்தியை நீட்டி உள்ளே பார்த்தார்கள். 1923 பிப்ரவரி நடுவில் மன்னர் கிடத்தப்பட்டிருந்த அறை முறைப்படி திறக்கப்பட்டது. பிரபுக்கள், அமைச்சர்கள், அரசியார் என்று கூட்டம் வந்து போன பிறகு, களைத்துப்போன கார்னர்வோன் ஓய்வெடுக்க அஸ்வானுக்குப் போனார்.

அங்கேதான் கன்னத்தில் கொசு கடித்தது. காலையில் சவரம் செய்யும்போது கத்தி அந்தத் தடிப்பின்மேல் பட்டுத் தோல் சீவிக்கொண்டது. நமக்கும் நடப்பதுதான், கொஞ்சம் படிகாரத்தைத் தேய்த்துவிட்டு மறந்துவிடுவோம். அவருக்கு அது சீழ் வைத்தது. காய்ச்சல் வந்தது. நடுவில் சரியானதுபோல் தெரிந்ததும் கெய்ரோவுக்குப் பயணம் போனார். அங்கே கழுத்தில் நெறி கட்டியது. மார்ச் மத்தியில் அவருடைய மகள் ஈவ்லின் கார்ட்டருக்கு எழுதிய கடிதத்திலேயே அந்த வீக்கத்தைப் பற்றிய கவலை இருக்கிறது. முகத்தில் செந்தடிப்பாகப் பரவும் எரிசிபலஸ் என்ற தொற்று, அதிலிருந்து ரத்தத்தில் நஞ்சு, பிறகு ஏற்கெனவே பழுதான நுரையீரலில் நிமோனியா. ஏப்ரல் 5-ஆம் தேதி அதிகாலை கெய்ரோவின் கான்டினென்டல் சவாய் ஹோட்டலில் இறந்தார். வயது 56.

ஒரு கொசுக்கடியால் ஒரு பிரபு சாவாரா என்று இன்று நமக்குத் தோன்றுகிறது. பெனிசிலின் இருக்கும் உலகத்தில் பிறந்ததால் தோன்றுகிறது. அதை ஃபிளெமிங் கவனித்ததே 1928-இல், நோயாளிகளுக்குப் பரவலாகக் கிடைத்தது 1940-களில். அதற்கு முன் ஒரு முள் குத்து, ஒரு கொப்புளம், ஒரு பல் பிடுங்கல் எல்லாம் உயிரைக் கொண்டுபோகக்கூடிய சங்கதிகள். கார்னர்வோன் இறந்த மறு ஆண்டு, 1924 ஜூலையில், அமெரிக்க அதிபர் கூலிட்ஜின் பதினாறு வயது மகன் காலுறை போடாமல் டென்னிஸ் ஆடினான். கால் விரலில் கொப்புளம் வந்தது. ஒரே வாரத்தில் ரத்தம் நஞ்சேறி இறந்துபோனான். நாட்டின் மிகச் சிறந்த மருத்துவர்கள் சுற்றி நின்றும் ஒன்றும் செய்ய முடியவில்லை. அந்தப் பையன் எந்தக் கல்லறையையும் திறக்கவில்லை, அதனால் அவன் சாவை யாரும் மர்மம் என்று சொல்லவும் இல்லை.

அப்படியானால் சாபம் எங்கிருந்து வந்தது? பெரும்பகுதி, ஓர் ஒப்பந்தத்திலிருந்து. 1923 ஜனவரியில் கார்னர்வோன் லண்டன் 'தி டைம்ஸ்' பத்திரிகையோடு ஒப்பந்தம் போட்டார். 5,000 பவுண்டும் விற்பனையில் பங்கும் அவருக்கு, கல்லறைச் செய்திகள் முதலில் அவர்களுக்கு மட்டும். உலகமே லக்சரில் வந்து குவிந்திருக்கிறது, மற்ற பத்திரிகைக்காரர்கள் வாசலில் வெயிலில் காத்துக் கிடக்கிறார்கள், எகிப்தியப் பத்திரிகைகள்கூடத் தங்கள் நாட்டுச் செய்தியை லண்டனிலிருந்து வாங்க வேண்டிய நிலை. உள்ளே போக முடியாதவன் வெளியே நின்று என்ன எழுதுவான்? சாபத்தை எழுத அனுமதிச் சீட்டு தேவையில்லை.

'டெய்லி மெயில்' சார்பில் வந்திருந்த ஆர்தர் வெய்கால் உண்மையிலேயே எகிப்தியல் அறிந்தவர். அறை திறக்கும் நாளில் கார்னர்வோன் சிரித்துப் பேசியபடி உள்ளே இறங்குவதைப் பார்த்து, இந்த மனநிலையில் போகிறாரென்றால் இவருக்கு ஆறு வாரம்தான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னாராம். ஏழாவது வாரத்தில் கார்னர்வோன் இறந்தார். அவர் நோயில் கிடந்தபோதே நாவலாசிரியை மேரி கொரெல்லி, மூடிய கல்லறைக்குள் அத்துமீறுபவனுக்குக் கொடிய தண்டனை உண்டு என்று ஒரு பழைய அரபு நூலை மேற்கோள் காட்டிப் பத்திரிகைக்கு எழுதிவிட்டார். இறந்த பிறகு ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கானன் டாயில், எகிப்தியப் பூசாரிகள் காவலுக்கு வைத்த பூதங்கள் காரணமாக இருக்கலாம் என்று நியூயார்க்கில் நிருபர்களிடம் சொன்னார். தடயம் இல்லாமல் எதையும் நம்பாத துப்பறிவாளனை எழுதிய கை அது!

மற்றவை தாமாக வந்து ஒட்டிக்கொண்டன. அவர் இறந்த நேரத்தில் கெய்ரோ முழுவதும் விளக்குகள் அணைந்தனவாம். அன்றைய கெய்ரோவில் மின்சாரம் போவது அன்றாட நிகழ்ச்சி. 2012-இல் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. இங்கிலாந்தில் அவருடைய நாய் அதே நேரத்தில் ஊளையிட்டுச் செத்ததாம். இதைப் பரப்பிய மகன், இந்தியாவில் ராணுவத்தில் இருந்தவர், அந்த இரவில் தந்தையின் அருகே கெய்ரோவில் இருந்தார். நாயைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் பிறர் சொல்லக் கேட்டதுதான். கார்ட்டர் வளர்த்த மஞ்சள் பாடும் பறவையை நாகம் விழுங்கிய கதையும் உண்டு. பாலைவன ஓரத்து வீட்டில் கூண்டுப் பறவையைப் பாம்பு தின்பது நடக்காத காரியமில்லை. நடந்திருந்தாலும் அது பாம்பின் இரை, அவ்வளவுதான்.

சாபக் கல்வெட்டு என்று ஒன்றைச் சொல்வார்கள்: 'மன்னனின் அமைதியைக் குலைப்பவனை மரணம் விரைந்த சிறகுகளில் வந்து தீண்டும்.' அப்படி ஒரு வரி அந்தக் கல்லறையில் எங்குமே இல்லை. இருந்தது ஒரு சிறு மண்கட்டி. மணல் வந்து அறையை மூடிவிடாமல் தடுப்பவன் நான், இறந்தவனைக் காப்பவன் நான் என்ற பொருளில் அதில் ஒரு காப்பு மந்திரம். ஒரு நிருபர் அதன் வாலில் 'வாசலைத் தாண்டுபவரைக் கொல்வேன்' என்று தானே சேர்த்துவிட்டார்.

எகிப்தியர்கள் சாபமே எழுதியதில்லை என்று சொல்லவில்லை. துட்டன்காமனுக்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய சில அதிகாரிகளின் கல்லறைகளில், இங்கே தீங்கு செய்பவனுக்குத் தண்ணீரில் முதலையும் நிலத்தில் பாம்பும் பகையாகட்டும் என்ற வகை வாசகங்கள் உண்டு. நமக்கு இது புதிதல்ல. நம் கோயில் கல்வெட்டுகளின் கடைசி வரியைப் படித்துப் பாருங்கள். இந்தத் தர்மத்துக்கு அகிதம் செய்தவன் கங்கைக் கரையிலே காராம் பசுவைக் கொன்ற பாவத்திலே போகக்கடவான் என்றிருக்கும். கல்வெட்டு படிப்பவர்கள் இதை ஓம்படைக்கிளவி என்பார்கள். போலீஸும் பத்திரப் பதிவு அலுவலகமும் இல்லாத காலத்துப் பூட்டு அது. பூட்டு எவ்வளவு பலித்தது என்பதை இன்று கோயில் நிலங்களின் கதி சொல்லும்.

துட்டன்காமன் கல்லறையிலும் அப்படித்தான். கார்ட்டர் போவதற்கு மூவாயிரம் ஆண்டுகள் முன்பே, மன்னனைப் புதைத்துச் சில காலத்துக்குள், இரண்டு முறை திருடர்கள் உள்ளே புகுந்திருக்கிறார்கள். நறுமணத் தைலச் சாடிகளுக்குள் கைவிட்டு வழித்தெடுத்த விரல் தடங்கள் அப்படியே இருந்தன. ஒரு துணியில் தங்க மோதிரங்களை வைத்து முடிச்சுப் போட்டிருக்கிறான் ஒருவன். அந்த முடிச்சு அவிழாமல் கிடைத்தது. எடுத்துக்கொண்டு ஓட முடியவில்லை, காவலர்கள் வந்திருக்க வேண்டும். அவனைத் தடுத்தது சாபம் என்று வைத்துக்கொண்டாலும், பிறகு வந்த காவலர்கள் மோதிரங்களை ஒரு பெட்டிக்குள் வீசிவிட்டு வாசலை மீண்டும் பூசி முத்திரையிட்டுப் போனார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சாபத்தின்மேல் அவர்களுக்கே நம்பிக்கை இருந்திருந்தால் பூச்சு வேலை எதற்கு?

இனி உங்கள் பூஞ்சை. இதற்கு இவ்வளவு மவுசு வந்ததற்கு ஒரு காரணம் போலந்து. க்ராக்கோவ் நகரின் வாவெல் தேவாலயத்தில் நான்காம் காசிமிர் மன்னரின் கல்லறையை 1973-இல் திறந்தார்கள். அந்தக் குழுவில் சிலர் பின்னர் இறந்தார்கள், ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை அங்கே இருந்ததாகக் கண்டார்கள். இறப்பும் பூஞ்சையும் ஒரே இடத்தில் இருந்தன, ஒன்று மற்றொன்றை உண்டாக்கியது என்று யாரும் நிறுவவில்லை. ஆனாலும் கதை அப்படியே எகிப்துக்குக் குடிபெயர்ந்தது.

இந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் ஏதோ ஃபாரோக்களின் ரகசிய ஆயுதமல்ல. ஈரம் பட்ட நிலக்கடலை மூட்டையில், காயாத கொப்பரையில், மக்காச்சோளத்தில் பச்சையாகப் படருமே, அதேதான். அதன் வித்துகளை நீங்களும் நானும் சுவாசித்துக்கொண்டுதான் இருக்கிறோம். நோய் எதிர்ப்பு மிகவும் குன்றியவர்களின் நுரையீரலை அது தாக்கும், உண்மை. கார்னர்வோன் பலவீனமானவர் என்பதும் உண்மை. ஆனால் அவருக்கு நோய் நுரையீரலில் தொடங்கவில்லை. கன்னத்துக் காயத்தில் தொடங்கி, கழுத்து நெறிக்குப் போய், ரத்தத்துக்குப் போய், நுரையீரலுக்குக் கடைசியாக வந்தது. வரிசை தலைகீழாக இருக்கிறது. கல்லறைக்குள் அவர் முதலில் நுழைந்தது நவம்பரில், அதன்பிறகு இங்கிலாந்துக்குப் போய்த் திரும்பியும் வந்துவிட்டார், நோய் தொடங்கியது மார்ச் வாக்கில்.

இன்னொன்று, இந்தச் சந்தேகம் அப்போதே எழுந்தது, அப்போதே சோதித்தும் பார்த்தார்கள். உள்ளிருந்து எடுத்த ஐந்து மாதிரிகளை வளர்த்துப் பார்த்ததில் நான்கில் எந்தக் கிருமியும் இல்லை. ஐந்தாவதில் இருந்த கொஞ்சமும் கதவைத் திறந்தபோது வெளிக்காற்றோடு போனவை. கல்லறைச் சுவர் ஓவியங்களில் இன்றும் பழுப்புப் புள்ளிகள் இருக்கின்றன, அவை ஒரு காலத்தில் நுண்ணுயிர் வளர்ந்த தடங்கள்தான். அவற்றை இந்த நூற்றாண்டில் ஆராய்ந்தபோது உயிருள்ளது எதுவும் அகப்படவில்லை. 1920-களில் ஹாரி பர்ட்டன் எடுத்த புகைப்படங்களோடு ஒப்பிட்டால் புள்ளிகள் ஒரு நூல்கூடப் பெரிதாகவில்லை. அன்றைய எகிப்தின் சுகாதாரத்தை வைத்துப் பார்த்தால் கார்னர்வோன் கல்லறைக்கு வெளியே இருந்ததைவிட உள்ளே இருந்தபோதுதான் பத்திரமாக இருந்திருப்பார் என்று ஒரு தொற்றுநோய் நிபுணர் சொன்னதுண்டு.

நச்சுவாயு என்பார்கள். மூடிய இடத்தில் வாயு கொல்லும், இல்லையென்று யார் சொன்னது? நீண்ட நாள் இறங்காத கிணற்றில் நம் ஊர்ப் பெரியவர்கள் முதலில் விளக்கைக் கட்டி இறக்கிப் பார்ப்பார்கள், அணைந்தால் ஆள் இறங்க மாட்டான். கழிவுநீர்த் தொட்டியில் இறங்கியவர் இறப்பதை இன்றும் செய்தித்தாளில் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். ஆனால் அந்த வாயு நிமிடங்களில் அங்கேயே சாய்க்கும். நான்கு மாதம் பொறுத்திருந்து, ஒருவரை அஸ்வானுக்கு அனுப்பி, கொசுவை விட்டுக் கடிக்க வைக்காது. வௌவால் எச்சம் என்பார்கள். மூவாயிரம் ஆண்டு மூடிய அறைக்குள் வௌவாலுக்கு என்ன வேலை? கதிர்வீச்சு என்றும் ஒருவர் சொன்னார். அதைத் தாண்டிப் போகலாம்.

அடுத்து, 'வரிசையாக இறந்தார்கள்' என்கிறீர்கள். அந்த வரிசையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். கல்லறையைச் சுற்றிப் பார்க்க வந்த அமெரிக்க ரயில்வே செல்வந்தர் ஜார்ஜ் ஜே கோல்ட், 1923 மே மாதம் நிமோனியாவில் இறந்தார். எகிப்திய இளவரசர் என்று அழைக்கப்பட்ட அலி ஃபாமி பே, அதே ஆண்டு ஜூலையில் லண்டன் ஹோட்டலில் மனைவியால் சுடப்பட்டார். கார்னர்வோனின் தம்பி முறையான ஆப்ரி ஹெர்பர்ட், பார்வை மங்கிக்கொண்டே போனவர், பல்லைப் பிடுங்கினால் கண் தேறும் என்று யாரோ சொன்ன மருத்துவத்தைக் கேட்டுப் பிடுங்கி, அதே ரத்த நஞ்சில் செப்டம்பரில் போனார். கார்ட்டரின் செயலாளர் ரிச்சர்ட் பெத்தல் 1929-இல். அவருடைய வயதான தந்தை 1930-இல் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து. அந்தத் தந்தையின் சவ ஊர்தி மோதி ஒரு சிறுவன் இறந்தான், அவனும் பட்டியலில்! துப்பாக்கியும் பல் வைத்தியமும் சவ ஊர்தியும் ஒரே பட்டியலில் இருந்தால், எந்தப் பூஞ்சை இதையெல்லாம் செய்யும்? காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை நமக்குத் தெரியும். இங்கே விழுந்த பழங்களை மட்டும் பொறுக்கிக் கூடையில் வைத்தார்கள், மரத்திலேயே நின்ற பழங்களை யாரும் எண்ணவில்லை.

எண்ணிப் பார்த்தவர் நியூயார்க் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகத்தின் ஹெர்பர்ட் வின்லாக். 1934-இல் அவர் கணக்கெடுத்தார்: கல்லறை திறந்தபோது இருந்த 26 பேரில் பத்தாண்டுகளில் இறந்தவர் 6 பேர். மம்மி இருந்த கல்பெட்டி திறந்தபோது இருந்த 22 பேரில் இருவர். மம்மியின் கட்டுகளை அவிழ்க்கும்போது சுற்றி நின்ற 10 பேரில் ஒருவர்கூட இல்லை. மன்னனுக்கு நெருங்க நெருங்கச் சாவு குறைகிறது! வந்தவர்களில் பலர் ஐம்பதைத் தாண்டியவர்கள் என்பதை மறக்க வேண்டாம்.

பிற்பாடு 2002-இல் ஆஸ்திரேலியாவின் மார்க் நெல்சன் இதையே மருத்துவப் புள்ளியியல் முறையில் செய்தார். கார்ட்டரின் குறிப்புகளில் அப்போது எகிப்தில் இருந்ததாக வரும் 44 மேற்கத்தியர்களை எடுத்துக்கொண்டார். கல்லறையோடு நேரடித் தொடர்பு கொண்ட 25 பேர் சராசரியாக 70 வயதில் இறந்தார்கள், தொடர்பில்லாதவர்கள் 75-இல். ஐந்து வயது வித்தியாசம் இருக்கிறதே என்று குதிக்க வேண்டாம். இவ்வளவு சிறிய கூட்டத்தில் அது தற்செயலாகவே வரக்கூடிய வித்தியாசம்தான் என்று கணக்கு காட்டியது. கட்டுரை வெளிவந்தது பிரிட்டிஷ் மருத்துவ இதழின் கிறிஸ்துமஸ் இதழில். ஆண்டுக்கு ஒரு முறை அவர்கள் விளையாட்டான தலைப்புகளை முறையான ஆய்வோடு வெளியிடும் இதழ் அது.

சாபம் முதலில் பிடித்திருக்க வேண்டிய ஆள் கார்ட்டர். பத்தாண்டுகள் அந்தக் கல்லறைக்குள்ளேயே கிடந்தவர். 1939-இல், 64 வயதில், புற்றுநோயால் லண்டனில் இறந்தார். மம்மியை அறுத்து ஆராய்ந்த மருத்துவர் டக்ளஸ் டெரி 1961 வரை இருந்தார். முறையான திறப்புக்கு முன்பே, நவம்பர் இரவில், தந்தையோடும் கார்ட்டரோடும் திருட்டுத்தனமாக மன்னனின் அறைக்குள் துளை வழியே ஊர்ந்து போன ஈவ்லினுக்கு அப்போது வயது 21. அவர் இறந்தது 1980-இல்.

இந்தக் கணக்குகளில் எனக்கு உறுத்தும் ஒன்று உண்டு. சாபத்தை நம்பியவர்களும் சரி, மறுத்தவர்களும் சரி, எண்ணியதெல்லாம் வெள்ளைக்காரர்களையும் செல்வந்தர்களையும்தான். படிக்கட்டிலிருந்து மணலைக் கூடை கூடையாகச் சுமந்தவர்கள் எகிப்தியத் தொழிலாளர்கள், சிறுவர்கள். 1923 மே மாத வெயிலில் கல்லறைப் பொருட்களை நைல் கரைக்குக் கொண்டுபோனவர்களும் அவர்கள்தான். இருந்ததோ கொஞ்சம் தண்டவாளம். பின்னால் கழற்றி முன்னால் போட்டு, பெட்டி வண்டிகளைத் தள்ளி, மறுபடியும் கழற்றி முன்னால் போட்டு. இரும்பு தொட முடியாதபடி கொதித்தது. கல்லறைக் காற்றை அதிகம் சுவாசித்தவர்களும், அந்தப் பொருட்களை அதிகம் தொட்டவர்களும் அவர்களே. மேஸ்திரி அகமது கெரிகார் பெயராவது கார்ட்டரின் எழுத்தில் மிஞ்சியது. மற்றவர்கள் எந்த வயதில் எதனால் இறந்தார்கள் என்று எந்தப் பத்திரிகையும் நிருபரை அனுப்பவில்லை. பூஞ்சை இருந்திருந்தால் முதலில் சாய்ந்திருக்க வேண்டியவர்கள் அவர்கள்.

அடுத்து நீங்கள் கேட்கப்போவதையும் சொல்லிவிடுகிறேன், இந்தப் பேச்சை எடுத்தால் யாராவது கேட்டே தீருவார்கள்: மம்மியின் இடது கன்னத்தில், கார்னர்வோனுக்குக் கொசு கடித்த அதே இடத்தில், ஒரு வடு இருந்ததே? கன்னத்தில் வடு போன்ற ஒரு குறி இருந்தது, டெரி அதைக் குறித்து வைத்திருக்கிறார். அவர் கட்டுகளை அவிழ்த்தது 1925 நவம்பரில். கார்னர்வோனின் உடல் அதற்கு இரண்டரை ஆண்டுகள் முன்பே ஹைகிளேர் மாளிகைக்கு அருகே பீக்கன் மலை உச்சியில் புதைக்கப்பட்டுவிட்டது. இரண்டு கன்னங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் யாருமில்லை.